எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு

சத்தியபாமா டீச்சர் கடிதத்தை இரண்டாவது தடவையும் வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ சிக்கல் என்று ஏழு பிள்ளைகளுக்கும் தெரியும்.

அது 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறை. பதுளையில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையின் சாரணியர் குழு மலையேறப் புறப்பட இன்னும் ஐந்து நாட்கள்தான் இருந்தன. தெமோதரை வரை ரயில். பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து, அதற்கு மேலே உள்ள புல்மலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவது. பிள்ளைகள் தைப்பொங்கலில் இருந்தே இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தோட்டத்துத் துரை அனுமதி தந்திட்டார்," என்றார் டீச்சர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஆனால் மலையிலை கல்லு வச்சு நெருப்பு மூட்டேலாதாம். போன வருசம் ஆரோ மூட்டின நெருப்பிலை புல்லுப் பத்தி, மலை மூண்டு நாள் எரிஞ்சதாம். மூடின அடுப்பு ஒண்டு கொண்டுபோகவேணும். அதை அங்கத்தைக் காவல்காரருக்கு மூட்டிக் காட்டவேணும். அவர் ஓம் எண்டாத்தான் மேலை போகலாம்."

"இல்லையெண்டா, டீச்சர்?"

"இல்லையெண்டா அடுத்த ரயிலிலை வீட்டை வரவேண்டியதுதான்."

எல்லோருடைய கண்களும் மெதுவாக ஒரு பக்கம் திரும்பின. அங்கே ஹம்ஸியா தன் பின்னலின் நுனியைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய வாப்பா ஸலீமுக்குக் கடைவீதியில் சாமான் கடை இருந்தது. ஆணி முதல் அடுப்பு வரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

"டீச்சர், தீப்பெட்டியிட்டையே அடுப்பை ஒப்படைக்கப் போறியள்?" என்று கேட்டாள் கமலாதேவி.

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்ஸியா சிரிக்கவில்லை. போன தடவை ஆற்றங்கரைக்குச் சமைக்கப் போனபோது தீப்பெட்டி கொண்டு வரும் பொறுப்பு அவளுடையது. அரிசி வந்தது, பானை வந்தது, தீப்பெட்டி மட்டும் வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. அன்று எல்லோரும் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அன்றிலிருந்து அவளுடைய பெயர் தீப்பெட்டி.

"ஹம்ஸியாவே பாக்கட்டும் டீச்சர்," என்றது பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு சின்னக் குரல். அது மாரியாயி. அவர்கள் ஏறப் போகும் மலையின் அடிவாரத் தோட்டத்தில்தான் அவளுடைய வீடு. தினமும் ரயிலில் பள்ளிக்கூடம் வருவாள். "அவளுக்கு அடுப்பப் பத்தி நல்லாத் தெரியும்."

டீச்சர் ஹம்ஸியாவைப் பார்த்தார். "எங்களிட்டை பழைய பேப்பர் வித்த காசு இருவது ரூவாய் இருக்கு. அதுக்குள்ளை வாங்கவேணும். தூக்கிக்கொண்டு நடக்கவேணும். காத்துக்கு அணையக் கூடாது. உன்னாலை ஏலுமே?"

"ஓ டீச்சர்," என்றாள் ஹம்ஸியா. வாய் அப்படிச் சொன்னது. கை மறுபடி பின்னலின் நுனியைத் தேடியது.

அன்று பின்னேரம் வாப்பா கடையின் பின்கட்டில் முதலாவது அடுப்பை வைத்தார். திரி போட்ட மண்ணெண்ணெய் அடுப்பு. விலை பதினாறு ரூபாய்.

"நம்மட கடையில நல்லாப் போற அடுப்பு, மகள். பதுளையில பாதி வீட்டில இதுதான்," என்று பெருமையாகத் திரியைப் பற்றவைத்தார்.

ஹம்ஸியா பின்கதவைத் திறந்துவிட்டாள். ஆகஸ்ட் மாதக் காற்று உள்ளே வந்தது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது, கறுத்தது, அணைந்தது. வாப்பா மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை வாப்பா தன் உடம்பால் காற்றை மறைத்தார். அப்போது சட்டையின் பின்பக்கம் பலூன் போல் ஊதியதே தவிர, சுடர் நிற்கவில்லை.

"கதவச் சாத்தினா எரியும்," என்றார் வாப்பா.

"மலைக்குக் கதவு இல்லயே வாப்பா."

அடுத்தது பித்தளைப் பம்பு அடுப்பு. பம்பு அடித்துப் பற்றவைத்ததும் அது உறுமியது. காற்றை அது சட்டையே செய்யவில்லை. ஹம்ஸியாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் விலை ஐம்பது ரூபாய்க்கு மேல். தூக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கியது போல் கனத்தது.

"காசு கெடக்கட்டும். சும்மா கொண்டு போய்ட்டு வா," என்றார் வாப்பா. "ஆனா இதுக்கு ரெண்டு போத்தல் எண்ணெய் வேணும்."

அங்கேதான் சிக்கல். அந்த நாட்களில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும் ஒரு போத்தலுக்கு மேல் தரமாட்டார்கள்.

அடுத்த நாள் ஹம்ஸியா குழுவிடம் கேட்டாள். "ஒவ்வொரு வீட்டில இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் கொண்டு வந்தா என்ன?"

ஐந்து பேர் தலையாட்டினார்கள். மாரியாயி மட்டும் சட்டை நுனியைத் திருகினாள். "எங்க லயத்துல வெளக்குக்கே அந்த எண்ணெதான். அம்மா இப்பவே வெளக்கச் சீக்கிரமா அணைச்சிரும். கேட்டா ஊத்தித் தரும்..." என்று இழுத்தாள்.

லயம் என்றால் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகள். அங்கே ஓர் அறையில் மாரியாயியும் அவளுடைய அம்மா, அப்பா, இரண்டு தம்பிமாரும் ஒரே விளக்கைச் சுற்றி இருப்பது ஹம்ஸியாவின் மனக்கண்ணில் வந்தது. அந்த விளக்கில் இருந்து எண்ணெய் எடுத்து மலையில் கஞ்சி காய்ச்சுவதா?

"வேணாம், வேணாம்," என்றாள் அவசரமாக.

"அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டாள் கமலாதேவி. "நாலு நாள்தான் கிடக்கு, தீப்பெட்டி."

ஹம்ஸியாவுக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்தால் வாய் புத்திக்கு முன்னால் ஓடும். "எங்கட கடையில ஒரு வெள்ளைக்கார அடுப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டாள். "உள்ளங்கையில வைக்கலாம். மண்ணெண்ணெய், பெற்றோல், ஸ்பிரிட்டு, எதை ஊத்தினாலும் எரியும். பதினெட்டு ரூவாதான்."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கமலாதேவிகூட வாயைப் பிளந்தாள். அந்த ஐந்து நிமிடம் ஹம்ஸியாவுக்குத் தேனாக இனித்தது.

அப்படி ஓர் அடுப்பு கடையில் இருந்தது உண்மைதான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை அதை விற்றுத் தரச் சொல்லி வாப்பாவிடம் கொடுத்திருந்தார். இரண்டு வருடமாகக் கண்ணாடி அலமாரியில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஏன் இரண்டு வருடமாக யாரும் வாங்கவில்லை என்று ஹம்ஸியா யோசிக்கவே இல்லை.

அன்று பின்னேரம் வாப்பா அதை முற்றத்தில் வைத்தார். கூடவே இருந்த விளக்கத்தாளில் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதியை வாப்பா கவனமாக வாசித்தார்.

"பெற்றோல் கொஞ்சம் ஊத்த வேணும். இந்தத் திருகை... எத்தின சுத்துண்டு இல்ல. கிழிஞ்சு போச்சி. நீ தள்ளி நில்லு மகள். இன்னும் தள்ளி."

ஹம்ஸியா கிணற்றடி வரைக்கும் போனாள். வாப்பா குச்சியைக் கிட்டக் கொண்டுபோனார்.

புஸ் என்று ஒரு சத்தம். நெருப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்தது. கொடியில் காய்ந்த உம்மாவின் துவாயின் நுனி பற்றிக்கொண்டது. ஹம்ஸியா கத்தவும் மறந்து, கிணற்றடியில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கித் துவாயின் மேல் வீசினாள். வாப்பா பக்கத்தில் இருந்த மணல் வாளியை அடுப்பின் மேல் கவிழ்த்தார்.

எல்லாம் அடங்கியபோது வாப்பாவின் இடது புருவத்தில் பாதியைக் காணவில்லை.

"நல்ல வேளை," என்றார் வாப்பா, இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தபடி. "அல்லாட காவல்."

முற்றத்தில் நெருப்பு எழுந்தபோது சுற்றிலும் சீமெந்து. மலையில் சுற்றிலும் காய்ந்த புல். அங்கே கிணறும் இல்லை, வாப்பாவும் இல்லை. அவள் அந்த அடுப்பைப் பார்க்கவே பயந்தாள். ஆனால் ஆறு பிள்ளைகள் அதை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார்கள். எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்குப் புறப்பட்டாள். பஸ் நிலையத்துக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் தாமதிக்கலாம் என்று தோன்றியது. அங்கே ஸஹாப்தீன் நானா வழக்கம் போல வண்டியில் கச்சான் என்கிற நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தார்.

காற்று பஸ் நிலையத்தைப் புரட்டி எடுத்தது. டிக்கெட்டுகள் பறந்தன. ஒருவருடைய தொப்பி பறந்தது. நானாவின் வண்டியில் இருந்த அடுப்பு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

ஹம்ஸியா கிட்டப் போனாள். அது அடுப்பே இல்லை, டின். ஒரு டின்னுக்குள் இன்னொரு டின்.

"நானா, இதுக்கு என்ன போட்டு எரிக்கிற?"

"கெடைக்கிறதெல்லாம். தேங்காச் சிரட்ட, மரத்தூள், பழைய பலகை. ஒனக்குக் கச்சான் வேணுமா, கேள்வி வேணுமா?"

ஹம்ஸியா பத்துச் சதத்துக்குக் கச்சான் வாங்கினாள். ஒவ்வொரு கொட்டையாக, மிக மெதுவாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். வெளி டின்னின் அடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம். காற்று திசை மாறும்போதெல்லாம் நானா பேச்சை நிறுத்தாமலே டின்னைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். ஓட்டைகள் எப்போதும் காற்றுக்கு முதுகு காட்டின. அதனால்தான் பொறி ஒன்றுகூட வெளியே பறக்கவில்லை.

கச்சான் முடிந்தபோது ஹம்ஸியா ஓடத் தொடங்கினாள்.

"டீச்சர், அந்த வெள்ளைக்கார அடுப்பு சரி வராது," என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "வாப்பாட புருவம் எரிஞ்சு போச்சி. நான் சோதிக்காமப் பெருமை பேசிட்டன். வேற ஒண்டு செய்யப் போறன். இன்னும் செய்யல்ல. ஆனா எப்பிடியெண்டு தெரியும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"வாப்பாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரு பக்கம் மட்டும் ஆச்சரியப்பட்ட மாதிரி இருக்கிறார், டீச்சர்."

டீச்சர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி. செய்து வடிவாச் சோதிச்சுப் பார். சரிவராட்டி எனக்கு நாளைக்கே சொல்லு."

வாப்பா இரண்டு வெற்று டின்களைத் தந்தார். உள்ளே பால்மா டின், வெளியே அதைவிடப் பெரிய எண்ணெய் டின். ஹம்ஸியா ஆணியால் ஓட்டை அடித்தாள். விறகு போட ஒரு வாசலை வாப்பா வெட்டிக் கொடுத்தார். உள்ளே ஒரு துண்டுக் கம்பி வலை. பானை உட்கார மேலே மூன்று போல்ட். எல்லாம் முடிந்த பிறகு ஹம்ஸியாவுக்கு ஒரு பயம் வந்தது. அடியில் தணல் விழுந்தால்? உடனே ஒரு பழைய தகரத் தட்டைத் தேடி எடுத்தாள். அதில் தண்ணீர் ஊற்றி, நடுவே கல் வைத்து, கல்லின் மேல் அடுப்பை வைத்தாள்.

சிரட்டை போட்டு மூட்டினாள். பின்கதவைத் திறந்தாள். காற்று வந்தது. சுடர் நின்றது.

செலவு ஒரு சதமும் இல்லை. டீச்சர் அந்த இருபது ரூபாயில் பயறும் சர்க்கரையும் வாங்கினார்.

இனி விறகு. சிரட்டையைப் பதுளையில் இருந்து தூக்கிக்கொண்டு போவானேன்? "மாரியாயி, உங்கட பக்கத்தில சிரட்டை கிடைக்கும்தானே? ஒரு சாக்கு இருந்தா போதும்," என்றாள் ஹம்ஸியா.

மாரியாயி சட்டை நுனியைத் திருகினாள். பிறகு, "பாக்குறேன்," என்றாள். ஹம்ஸியாவின் வீட்டுக்குப் பின்னால் சிரட்டைகள் குப்பையாகக் குவிந்து கிடக்கும். அதனால் அந்தத் திருகலை அவள் கவனிக்கவில்லை.

புறப்படும் நாள் வந்தது. தெமோதரை நிலையத்தில் மாரியாயி சாக்குடன் காத்திருந்தாள். சாக்கை அவள் மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். எல்லோரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக ஏறினார்கள். அடுப்பு ஹம்ஸியாவின் முதுகில் டங்டங் என்று சத்தமிட்டது. ஒவ்வொரு டங்குக்கும் அவள் நெஞ்சு ஒரு தடவை அடித்தது.

கடைசித் தேயிலை மலைக்கு மேலே காவல்காரரின் குடிசை இருந்தது. காவல்காரரின் பெயர் சின்னராசா. தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். துரையின் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"தொர கடிதாசி குடுத்துட்டாரு. சரி. ஆனா மல எரிஞ்சா எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க," என்றார். "போன வருசம் மூணு நாளு பச்சக் கொப்ப ஒடிச்சு அடிச்சு அணைச்சோம். கையெல்லாம் வெந்து போச்சு. அதனால கோவிச்சுக்காதீங்க. அடுப்ப மூட்டிக் காட்டுங்க. எனக்குப் பயமா இருந்திச்சின்னா நீங்க எறங்கிறணும்."

அவருக்கும் பயம் என்பதை நினைத்தபோது ஹம்ஸியாவின் பயம் இரட்டிப்பானது.

"தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார் சின்னராசா.

ஆறு தலைகள் ஒரே நேரத்தில் ஹம்ஸியாவின் பக்கம் திரும்பின. அவள் பையில் இருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். பிறகு சட்டைப் பையில் இருந்து இன்னொன்று. பென்சில் பெட்டிக்குள் இருந்து மூன்றாவது. காலுறைக்குள் இருந்து, கைக்குட்டையில் சுற்றிய நாலாவது.

முதலில் சிரித்தது கமலாதேவிதான். "இப்ப நீ மெய்யாவே தீப்பெட்டிதான்."

ஹம்ஸியா தட்டில் தண்ணீர் ஊற்றிக் கல்லை வைத்து, அடுப்பை நிறுத்தி, சாக்கை வாங்கித் திறந்தாள். உள்ளே மூன்றே மூன்று சிரட்டைகள் இருந்தன.

"இது தேத்தண்ணிக்கே காணாதே," என்றாள் கமலாதேவி.

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹம்ஸியா மூன்றாவது சிரட்டையைக் கையில் எடுத்தாள். அது வழவழப்பாக இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள். அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அது சிரட்டை இல்லை, அகப்பை. காம்பைக் கழற்றிவிட்டுக் கொண்டு வந்திருக்கிறாள். மாரியாயி வீட்டில் நேற்று வரை அதில்தான் சோறு பரிமாறியிருப்பார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தேயிலை, புல், வானம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு தென்னை மரம் இல்லை. இந்தக் குளிர் மலையில் தென்னை எப்படி வளரும்? இங்கே உள்ளவர்கள் தேங்காயைப் பாதிப் பாதியாகக் கடையில் வாங்குவார்கள். அவளிடம் போய் ஒரு சாக்குச் சிரட்டை கேட்டிருக்கிறேனே என்று நினைத்ததும் ஹம்ஸியாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நல்ல வேளை," என்றாள் உரக்க. "மாரியாயி அகப்பை கொண்டு வந்திருக்கா. நாங்க அகப்பையை மறந்தே போனம். இல்லாட்டி கஞ்சிய எதால ஊத்துறது? இதுக்கு ஒரு காம்பு மட்டும் போட்டாச் சரி."

உண்மையில் ஓர் அகப்பை டீச்சரின் பையில் இருந்தது. அதன் காம்பு வெளியே நீட்டிக்கொண்டுகூட இருந்தது. டீச்சர் அதைப் பைக்குள் அமுக்கி, பையின் வாயைக் கட்டினார்.

மாரியாயி தலையை நிமிர்த்தினாள்.

ஹம்ஸியா அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். "உங்கட வீட்டில என்ன எரிப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மிளாறுதான். தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுவாங்கள்ல, அந்தக் குச்சி. வேல முடிஞ்சு வர்றப்ப அம்மா ஒரு கட்டு தூக்கிட்டு வரும். கீழ வெட்டுன மலையில நெறையக் கெடக்கு, காஞ்சு போய்."

"அத ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீ சிரட்டதான கேட்ட," என்றாள் மாரியாயி.

சின்னராசா அனுமதி கொடுத்தார். பிள்ளைகள் கீழே ஓடி ஆளுக்கு ஒரு கட்டு மிளாறு கொண்டு வந்தார்கள். ஹம்ஸியா இரண்டு குச்சிகளைத் திணித்துப் பற்றவைத்தாள். மிளாறு போட்டு அவள் ஒருநாளும் சோதித்ததில்லை.

புகை வந்தது. புகை மட்டும்தான் வந்தது. வாசலால் வந்தது, ஓட்டைகளால் வந்தது, மேலாலும் வந்தது. சின்னராசா இருமினார்.

"இது அடுப்பா, கொசு வெரட்டுறதா?" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று ஹம்ஸியா நினைத்தாள். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

"நகரு," என்றாள் மாரியாயி. அவ்வளவு உறுதியான குரலை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "குச்சி பெருசு. வெரல் நீளத்துக்கு ஒடிக்கணும். மொதல்ல மெல்லிசு, அப்பறம் தடிச்சது." மளமளவென்று ஒடித்துப் போட்டாள். கமலாதேவியும் உட்கார்ந்து ஒடித்தாள். ஹம்ஸியா காற்று வரும் பக்கத்தை விரலை நனைத்துப் பார்த்து, டின்னைத் திருப்பினாள்.

புகை மெலிந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ அசைந்தது. பிறகு கும் என்ற சின்னச் சத்தத்துடன் சுடர் நிமிர்ந்து நின்றது.

சின்னராசா அடுப்பைச் சுற்றி வந்தார். குனிந்து தட்டைப் பார்த்தார். ஒரு தணல் தண்ணீரில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. ஒரு காய்ந்த புல்லைப் பிடுங்கி, ஓட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். புல் பற்றவில்லை. இன்னொரு பக்கம் பிடித்தார். பற்றவில்லை.

"சரி, போங்க," என்றார் கடைசியில். "ஆனா நான் வந்து பாப்பேன்."

அவர் வந்து பார்த்தார். வெயில் சாய்வதற்கு முன் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டு தடவையும் ஹம்ஸியா அடுப்புக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்ச் செம்புடன் உட்கார்ந்திருந்தாள். காற்று திரும்பியபோதெல்லாம் டின்னைத் திருப்பினாள். எல்லோரும் பயற்றங்கஞ்சி குடித்தபோதும் அவள் எழுந்து வரவில்லை. கடைசித் தணலையும் தண்ணீரில் போட்டு, கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் தன் கோப்பையை நீட்டினாள்.

மாரியாயி புதுக் காம்பு போட்ட அகப்பையால் பானையின் அடியை வழித்து ஊற்றினாள். "ஒனக்குன்னு கெட்டியா எடுத்து வச்சிருந்தேன்," என்றாள்.

காலையில் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சின்னராசா மேலே வந்தார். குனிந்த தலையுடன் புல்லுக்குள் இங்கும் அங்கும் நடந்தார். ஒரு பாறையைச் சுற்றினார். திரும்பி வந்தார். மறுபடி சுற்றினார். ஹம்ஸியா சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். ஏதாவது பிழையைக் கண்டுவிட்டாரோ?

கடைசியில் அவர் அவளிடமே வந்தார்.

"நானும் எவ்வளவு நேரமாத் தேடுறேன். அடுப்ப எந்த எடத்துல புள்ள வச்சீங்க?"

ஹம்ஸியா ஓர் இடத்தைக் காட்டினாள். பிறகு, அது இல்லை என்று இன்னோர் இடத்தைக் காட்டினாள். கமலாதேவி பாறைக்கு அந்தப் பக்கம் என்றாள். மாரியாயி இந்தப் பக்கம் என்றாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் புல், ஒரே மாதிரிப் புல். கருகிய ஒரு நுனிகூட இல்லை.

"எங்க வச்சீங்கன்னு ஒங்களுக்கே தெரியலயா?" என்றார் சின்னராசா. முதல் தடவையாக அவருடைய முகத்தில் சிரிப்பு வந்தது.

"தெரியாது," என்றாள் ஹம்ஸியா. அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை.